முதல் தோல்விக்குப் பிறகு: முஹம்மதன் ஸ்போர்ட்டிங்கும் அதன் இரசிகர்களும்

2024 செப்டெம்பர் 16, திங்கட்கிழமை. ரபீஉல் அவ்வல் பிறை 12. இங்கும் அங்கும் மீலாத் விடுமுறை. அன்றிரவு தெற்குக் கொல்கத்தாவின் கிஷோர் பாரதி மைதானத்தில் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் இந்தியன் சுப்பர் லீக்கில் தன் முதலாவது ஆட்டத்தை ஆடியது. எதிரே நோர்த் ஈஸ்ட் யுனைட்டட். தொண்ணூறு நிமிடமும் இரு பக்கமும் கோல் இல்லை. உபாதையீடு நேரத்தின் நான்காவது நிமிடத்தில் எதிரணியின் அலாஎத்தீன் அஜராய் பந்தை வலைக்குள் அடித்தார். கோல் போட்டவரின் ஊர் மொரோக்கோ. 1891இல் தொடங்கிய ஒரு கழகம், 133 வருடம் கழித்து சுப்பர் லீக்கில் கால் வைத்த முதல் நாளிலேயே 0–1 என்று தோற்று வீட்டுக்குப் போனது.

ஐந்து நாள் கழித்து அதே மைதானத்தில் கோவா அணியுடன் இரண்டாவது ஆட்டம். அலெக்ஸிஸ் கோமெஸின் பெனால்டியால் முன்னுக்கு நின்ற அணி, மறுபடியும் உபாதையீடு நேரத்தில் கோல் வாங்கி 1–1 என்று முடித்தது. கைக்கு வந்தது வாய்க்கு வரவில்லை என்பார்களே, அதுதான். இரண்டு ஆட்டத்திலும் கடைசி ஐந்து நிமிடத்தைப் பிடித்து நிற்கத் தெரிந்திருந்தால் நான்கு புள்ளி. கிடைத்தது ஒன்று.

ஒரு பருவகாலத்தின் தொடக்கத்திலேயே வருகிற தோல்வி இரசிகனை எப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்பதை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பறையில் பார்க்கிறேன். ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் சனி, ஞாயிறு இரவுகளில் இங்கிலாந்து லீக்கைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வருகிற பத்தாம், பதினோராம் ஆண்டுப் பொடியன்மாரின் முகமே ஸ்கோரைச் சொல்லிவிடும். தோற்ற அணிக்காரன் மூன்று மாதிரிப் பேசுவான். "இவனுகளுக்கு மானமே இல்ல சேர்" என்பது ஒன்று. "ரெஃப்ரி வித்துப்போட்டான் சேர்" என்பது இன்னொன்று. "நடுவுல பந்தப் புடிச்சு வெளாட ஆளில்ல சேர், காசக் கொண்டுபோய் எங்க கொட்டுறானுகள்?" என்பது மூன்றாவது. மானம், சதி, கணக்கு. உலகத்தில் எந்த மைதானத்துக்குப் போனாலும் தோல்விக்குப் பின் இந்த மூன்று பேச்சும்தான் கேட்கும்.

கழகத்தின் பெயரே ஒரு சமூகத்தின் பெயராக இருக்கும்போது இந்த மூன்று பேச்சுக்கும் பாரம் கூடிவிடுகிறது. தோற்றது பதினொரு பேர் கொண்ட அணி. ஆனால் பலகையில் எழுதியிருப்பது நமது பெயர். அப்படியான ஒரு கழகத்தின் வரலாற்றில் எந்தப் பேச்சு கிண்ணம் கொண்டுவந்தது, எது குப்பைப் போத்தலைக் கொண்டுவந்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

அள்பாவும் வெண்ணிப் போர்க்களமும்

தோல்வியைக் கண்டு மனமுடைந்த இரசிகர்களைப் பற்றிய ஒரு செய்தி நமது ஹதீஸ் கிரந்தங்களிலேயே இருக்கிறது. நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்ற பெயரில் ஓர் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமப்புற அரபி தன் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். முஸ்லிம்களுக்கு அது பெரும் பாரமாகிவிட்டது. அதை விளங்கிக்கொண்ட நபியவர்கள், உலகத்தில் உயர்ந்த எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரியில் இது வருகிறது.

இந்தச் செய்தியில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஓர் ஒட்டகப் பந்தயத்துக்காக ஸஹாபாக்கள் கவலைப்பட்டதை நபியவர்கள் கேலி செய்யவில்லை. "இதெல்லாம் ஒரு விசயமா?" என்று தட்டிவிடவில்லை. கவலை கவலைதான். இரண்டு, வென்ற அரபியின் மீது ஒரு குறையும் சொல்லப்படவில்லை. அவர் ஏமாற்றினார் என்றோ, முந்தியிருக்கக் கூடாது என்றோ பேச்சு வரவில்லை. தோல்வி உலகத்தின் இயல்பான கணக்கில் ஒரு வரியாக வைக்கப்பட்டது. அவ்வளவுதான்.

தமிழ் படித்தவனுக்கு இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு காட்சி ஞாபகம் வரும். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டான். புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். புறநானூறு அதைப் போற்றுகிறது. வென்ற கரிகாலனைவிடத் தோற்றவனே நல்லவன் என்ற பொருள்பட வெண்ணிக் குயத்தியார் பாடியிருக்கிறார். பாடலாக அது மகத்தானது. ஆனால் தோல்வியை மானத்தின் தராசில் மட்டும் நிறுத்தால் அதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதற்கும் அதுவே சாட்சி.

இது பழங்கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 1975 செப்டெம்பர் 30ஆம் திகதி ஐஎப்ஏ கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5–0 என்று வென்றது. அந்தத் தோல்வியைத் தாங்க முடியாமல் ஓர் இளம் மோகன் பகான் இரசிகர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த பிறவியில் வீரனாகப் பிறந்து இதற்குப் பழி தீர்ப்பேன் என்ற கருத்தில் எழுதியும் வைத்திருந்தார். 1980 ஓகஸ்ட் 16ஆம் திகதி ஈடன் தோட்டத்தில் இதே இரு அணிகள் ஆடியபோது பார்வையாளர் பகுதியில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் இறந்தார்கள். காலையில் ஆட்டம் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர்கள். கொல்கத்தாவில் உதைபந்தாட்டத் தோல்வி என்று பேசும்போது இந்தப் பின்னணி மனதில் இருக்க வேண்டும்.

1934இல் வென்றது யார்?

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் என்றதும் நமது பெரியவர்கள் வாயில் வருவது 1934 முதல் 1938 வரையான ஐந்து ஆண்டுகள். அந்தக் காலத்தின் முன்கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கல்கத்தா உதைபந்தாட்ட லீக் 1898இல் ஆரம்பித்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அதன் கிண்ணம் வெள்ளையர் கழகங்களிடமும் பட்டாள அணிகளிடமும்தான் சுற்றிக்கொண்டிருந்தது. 1911இல் மோகன் பகான் ஈஸ்ட் யோர்க்‌ஷயர் படையணியை 2–1 என்று தோற்கடித்து ஐஎப்ஏ கேடயத்தை வென்றது பெரும் நிகழ்வு. ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த வெற்றியை வங்காளத்து முஸ்லிம் பத்திரிகைகளும் கொண்டாடி எழுதின. அன்றைக்கு அது "அவர்களுடைய" வெற்றியாக யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் லீக் கிண்ணம் மட்டும் எந்த இந்தியக் கழகத்துக்கும் எட்டவில்லை.

முஹம்மதன் ஸ்போர்ட்டிங்கோ நெடுங்காலம் கீழ்ப்பிரிவில் கிடந்த கழகம். 1934இல்தான் முதற்பிரிவுக்கு ஏறி வந்தது. ஏறிய முதல் வருடமே லீக்கை வென்றது. கல்கத்தா லீக்கை வென்ற முதலாவது இந்தியக் கழகம் அதுதான். பிறகு 1935, 1936, 1937, 1938 என்று வரிசையாக வென்றது. 1936இல் லீக்கோடு கேடயமும் சேர்ந்து வந்தது. கல்கத்தாவின் முஸ்லிம் பகுதிகளில் மட்டுமல்ல, கிழக்கு வங்காளத்து ஊர்களிலும் கொண்டாட்டம். காஸி நஸ்ருல் இஸ்லாம் கழகத்தின் வெற்றியைப் பாடினார்.

இவ்வளவும் நமக்குத் தெரிந்த கதை. தெரிந்த கதையில் விடுபட்டுப்போன பகுதிதான் முக்கியம். இந்த வெற்றி எப்படி வந்தது?

அப்போதைய நிர்வாகம் கல்கத்தாவின் முஸ்லிம் இளைஞர்களை மட்டும் நம்பி இருக்கவில்லை. பெங்களூரிலிருந்தும் இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் திறமையான ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தது. பீஹாரில் பிறந்து, வயது முப்பதுகளின் பிற்பகுதியை எட்டியிருந்த, உதைபந்தாட்ட மந்திரவாதி என்று பெயரெடுத்த ஸமதைச் சேர்த்துக்கொண்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய விடயம் பாதணி. கல்கத்தா லீக் மழைக்காலத்தில் நடப்பது. வரண்ட மண்ணில் வெறுங்கால் ஆட்டக்காரன் பந்தைத் தன் சொல்கேட்க வைப்பான். சேற்றில் வழுக்கி விழுவான். வெள்ளையர் அணிகள் பூட்ஸ் போட்டு நின்றுகொண்டு ஆடும். இந்திய அணிகள் மழை வந்ததும் தோற்கத் தொடங்குவதற்கு இதுவே பெரிய காரணம். முஹம்மதன் நிர்வாகம் தன் ஆட்டக்காரர்களுக்கு ஈர மைதானத்தில் பூட்ஸ் போட்டு ஆடப் பழக்கியது. மழை வந்தபோதும் அணி விழாமல் நின்றது.

வெறுங்கால் என்பது அன்று வெறும் வசதிக்குறைவு இல்லை. அது ஒரு பெருமை. 1911இன் ஞாபகம் அதில் ஒட்டியிருந்தது. இந்தக் கழகத்தின் ஸலீமே 1936இல் ஸ்கொட்லாந்துக்குப் போய் செல்டிக் கழகத்துக்காக வெறுங்காலில் துணி சுற்றிக்கொண்டு ஆடிப் பத்திரிகைகளில் பேசப்பட்டார். அப்படியொரு பெருமையை மழை நாளில் ஓரமாக வைத்துவிட்டு, "ஏன் சறுக்குகிறோம்?" என்று கேட்டவர்களே லீக்கை வென்றார்கள். மானத்தின் பேச்சு வெறுங்காலைக் கட்டிப்பிடித்திருக்கும். கணக்கின் பேச்சு பூட்ஸைக் கொண்டுவந்தது.

கோபம் போன வழிகள்

கோபத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. கொல்கத்தாவில் கோபத்திலிருந்து பிறந்த கழகமே இருக்கிறது. 1920 ஜூலையில் மோகன் பகானுடனான ஆட்டத்துக்கு ஜோராபகான் கழகம் தன் ஆட்டக்காரர் சைலேஷ் போஸைச் சேர்க்காமல் விட்டது. அதை ஏற்காத உப தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி கழகத்தை விட்டு விலகினார். சில நாட்களுக்குள் ஈஸ்ட் பெங்கால் கழகம் உருவானது. நூறு வருடம் தாண்டி நிற்கிற ஒரு கழகத்தின் அத்திவாரக் கல் ஒரு மனக்கசப்பு. அவர் மைதானத்தில் கல்லெறியவில்லை. கல்லைக் கொண்டு கட்டினார்.

முஹம்மதனின் கோபம் 1939இல் வேறு வழியில் போனது. ஐந்து தடவை வென்ற கழகம் ஐஎப்ஏ நிர்வாகத்தோடு முரண்பட்டு, வேறு சில கழகங்களோடு சேர்ந்து லீக்கை விட்டு வெளியேறியது. தங்களுக்குப் பாரபட்சம் காட்டப்படுகிறது என்பது முறைப்பாடு. அந்தக் காலத்துக் கல்கத்தாவில் அரசியலே சமூக ரீதியாகப் பிளந்து நின்றது. மைதானத்தின் விசில் சத்தத்திலும் அது கேட்டது. முறைப்பாட்டில் நியாயம் இருந்ததா இல்லையா என்பதைத் தனியே ஆராயலாம். விளைவு தெளிவானது. வெளியேறிய வருடம் மோகன் பகான் தன் முதலாவது லீக் கிண்ணத்தை வென்றது. ஆறாவது கிண்ணத்துக்கு ஆடியே இருக்கக்கூடிய முஹம்மதன் மைதானத்துக்கு வெளியே நின்றது. திரும்பி வந்து ஆடிய 1940லும் 1941லும் மறுபடி லீக்கை வென்றது. 1940 டிசம்பரில் டெல்லியில் ரோயல் வோர்விக்‌ஷயர் படையணியை 2–1 என்று தோற்கடித்து டியூரண்ட் கிண்ணத்தையும் எடுத்தது. அந்தக் கிண்ணத்தை வென்ற முதலாவது இந்தியக் கழகமும் இதுவே. வெளியே நின்றபோது கிடைக்காத நியாயம், உள்ளே ஆடியபோது கிடைத்தது.

1947இன் பிரிவினை கழகத்தின் முதுகெலும்பை முறித்தது. ஆட்டக்காரர், ஆதரவாளர், பணம் கொடுத்தவர் என்று பலர் எல்லைக்கு அப்பால் போய்விட்டார்கள். இருந்தும் 1948, 1957, 1967, 1981 ஆகிய ஆண்டுகளில் லீக் வந்தது. 1960களிலிருந்து முஸ்லிம் அல்லாத ஆட்டக்காரர்களும் இந்தச் சீருடையைப் போட ஆரம்பித்தார்கள். 1981க்குப் பிறகு நாற்பது வருடப் பஞ்சம். ஒரு தலைமுறை முழுக்க வாப்பாவின் வாயால் கேட்ட கதையை வைத்துக்கொண்டே ஆட்டம் பார்த்தது. 2021, 2022, 2023 என்று மூன்று வருடம் தொடர்ந்து கல்கத்தா லீக். 2024 ஏப்ரல் 6ஆம் திகதி ஷில்லொங்கில் லஜோங் அணியை 2–1 என்று வென்று ஐ-லீக் கிண்ணம். அதோடு சுப்பர் லீக்குக்கான கதவு திறந்தது. அந்த அணியின் பயிற்றுவிப்பாளர் ஆந்த்ரே செர்னிஷோவ் ரஷ்யர். ஆட்டக்காரரில் மிசோரம் மாநிலத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். உஸ்பெக்கிஸ்தானின் காஸிமோவ், ஆர்ஜென்டீனாவின் கோமெஸ், ஹொண்டுராஸின் எடி ஹெர்னாண்டஸ் இருந்தார்கள். பெயர் பழைய பெயர். அணி புதிய உலகத்து அணி.

ஒரு பருவகாலம்

இப்படி வந்த கழகத்தின் இரசிகன்தான் செப்டெம்பர் 16 இரவு மைதானத்தை விட்டு வெளியேறினான். அவன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. 1934இல் மேல்பிரிவுக்கு ஏறிய முதல் வருடமே வென்றவர்கள் நாங்கள். தொண்ணூறு வருடம் கழித்து மறுபடி ஒரு புதிய மேல்பிரிவு. கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. வரலாறு திரும்பும் என்ற ஆசை அது. அந்த ஆசையைத்தான் 94ஆவது நிமிடம் கிழித்தது.

முதலில் ஆறுதலும் வந்தது. செப்டெம்பர் 26ஆம் திகதி சென்னையில் சென்னையின் அணியை 1–0 என்று வென்றார்கள். கோல் போட்டவர் மிசோரத்து லல்ரெம்சங்கா பனாய். முஹம்மதனின் சுப்பர் லீக் வரலாற்றில் முதல் வெற்றியைக் கொடுத்த கால் அவருடையது. பார்க் சர்க்கஸிலும் கிதிர்பூரிலும் அன்றைக்கு அவரை எங்கட பிள்ளை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்படித்தான் சொல்லவும் வேண்டும்.

ஒக்டோபர் 5இல் மோகன் பகானிடம் 0–3. ஒக்டோபர் 20இல் கேரளா பிளாஸ்டர்ஸ் கிஷோர் பாரதிக்கு வந்தது. காஸிமோவின் பெனால்டியால் முன்னுக்கு நின்ற அணி இரண்டு கோல் வாங்கி 1–2 என்று தோற்றது. ஆட்டத்தின் நடுவே நடுவரின் தீர்ப்பில் கொதித்துப்போன இரசிகர்கள் போத்தல்களையும் கையில் அகப்பட்டதையும் எறிந்தார்கள். கேரளத்திலிருந்து வந்திருந்த இரசிகர்கள் இருந்த பக்கமும் அவை போயின. ஆட்டம் சில நிமிடங்கள் நிறுத்தப்பட்டது.

சும்மா சொல்லக்கூடாது, இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தியாவில் உதைபந்தாட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டாடுகிற இடங்களில் மலபார் ஒன்று. மலப்புறத்தில் எழுவர் ஆட்டத்துக்கு இரவிரவாகச் சனம் கூடும். அந்த இரசிகர் வரிசையில் எத்தனை மாப்பிள்ளைமார் நின்றிருப்பார்களோ! சமூகத்தின் மானத்துக்காக எறியப்பட்ட போத்தல் அதே சமூகத்தான் ஒருவனின் தலையில் விழ இருந்தது. விழுந்தது யார் தலையாக இருந்தாலும் அது குற்றம்தான். ஆனால் மானத்தின் பேச்சுக்குக் கண் தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே செப்டெம்பரில் அதே நகரத்தில் ஈஸ்ட் பெங்கால் இரசிகர்களும் எரிந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய அணி முதல் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. செப்டெம்பர் 30இல் ஸ்பானியப் பயிற்றுவிப்பாளர் கார்லஸ் குவாட்ராட் பதவி விலகினார். அதன்பிறகும் மூன்று தோல்வி. ஆறு ஆட்டம், ஒரு புள்ளியும் இல்லை. நவம்பர் 9இல் இந்த இரு காயப்பட்ட கழகங்களும் மோதின. முதல் அரை மணி நேரத்துக்குள் ஈஸ்ட் பெங்காலின் இரண்டு ஆட்டக்காரர்கள் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்கள். ஒன்பது பேருக்கு எதிராகப் பதினொரு பேர், ஒரு மணி நேரம். முஹம்மதனால் ஒரு கோல் போட முடியவில்லை. 0–0.

அந்த ஆட்டத்துக்கு எந்த நடுவரையும் குறை சொல்ல முடியாது. சதியின் பேச்சு அங்கே வாயடைத்துப்போனது. நடுவர் இதற்கு மேல் என்ன செய்வார்? பிரச்சினை அணிக்குள் இருக்கிறது என்பது அன்றைக்குத் தெட்டத்தெளிவாகத் தெரிந்தது. ஜனவரியில் மிச்சமும் வெளியே வந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி. பயிற்சிக்குப் போக மறுத்தார்கள். ஐ-லீக்கை வென்று கொடுத்த செர்னிஷோவ் பதவி விலகினார். பருவகாலம் முடிந்தபோது 13 அணிகளில் 13ஆவது இடம். 24 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 13 புள்ளி.

இப்போது பின்னால் திரும்பிப் பார்த்தால், செப்டெம்பரின் அந்த இரண்டு கடைசி நிமிட கோல்களும் ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தன. இறுதி நேரத்தில் களைத்துப்போகிற அணி எதைச் சொல்கிறது? மாற்று ஆட்டக்காரர் போதாது, தயாரிப்பு போதாது, அதற்குச் செலவிடப் பணம் போதாது. "காசக் கொண்டுபோய் எங்க கொட்டுறானுகள்?" என்று கேட்ட இரசிகன்தான் சரியான கதவைத் தட்டியவன். நிர்வாகத்தின் கதவு அது. போத்தல் எறிந்தவன் தட்டியது வழிப்போக்கன் வீட்டுக் கதவை.

எங்கட கணக்கு

சமூகத்தின் பெயரில் கழகம் வைப்பது நமக்குப் புதிதல்ல. குடியேற்ற ஆட்சிக்காலக் கொழும்பு அதையே செய்தது. 1872இல் மலாய் கிரிக்கெட் கழகம், 1896இல் பறங்கியர் கழகம், 1899இல் சிங்களவர் கழகமும் தமிழ் யூனியனும், 1908இல் மூர்ஸ் கழகம். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு மைதானம், ஒரு ஸ்கோர்பலகை. காலம் போகப் போக இந்தப் பெயர்கள் பலகையில் நின்றன, ஆட்களோ கலந்துபோனார்கள். ரங்கன ஹேரத் மூர்ஸ் கழகத்துக்காகவும் ஆடினார், தமிழ் யூனியனுக்காகவும் ஆடினார். அவர் எடுத்த விக்கெட்டுகளை எந்தச் சமூகத்தின் கணக்கில் எழுதுவது? கழகத்தின் கணக்கில்தான்.

பெயரைக் கழற்றிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெயருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒதுக்கப்பட்ட ஒரு சமூகம் தனக்கென ஒரு மேடையைக் கட்டிய வரலாறு. அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெயரின் கீழ் வருகிற ஒவ்வொரு தோல்வியையும் சமூகத்தின் கன்னத்தில் விழுந்த அறையாக எண்ணிக்கொண்டால் நாம் இரண்டு பேருக்கு அநியாயம் செய்கிறோம். ஒன்று, சம்பளமில்லாமல் ஓடுகிற அந்த ஆட்டக்காரனுக்கு. அவனுடைய முதுகில் நாம் ஒரு நூற்றாண்டை ஏற்றி வைக்கிறோம். மற்றது, நமக்கு நாமே. மானம் என்று கத்தும்போது கணக்குக் கேட்க மறந்துவிடுகிறோம். மோசமான நிர்வாகத்துக்கு அதைவிட வசதி வேறில்லை. "நடுவர் நமக்கு எதிரி, உலகமே நமக்கு எதிரி" என்று சனம் சொல்லிக்கொண்டிருக்கும் வரை யாரும் பற்றுச்சீட்டைக் கேட்கமாட்டார்கள்.

இது மைதானத்தோடு நிற்கிற விடயமும் இல்லை. பரீட்சை முடிவு வந்து மாவட்டத்தில் நமது பாடசாலைகள் கீழே போனால் நாம் என்ன பேசுகிறோம்? தேர்தலில் நமது ஆள் தோற்றால் என்ன பேசுகிறோம்? முதலில் மானம் போச்சு என்கிறோம். பிறகு சதி என்கிறோம். கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாமல் எத்தனை மாதம் வகுப்பு நடந்தது என்ற கேள்வி வருவதற்குள் அடுத்த பரீட்சை வந்துவிடுகிறது. சதி ஒருபோதும் இருப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. பாரபட்சம் உலகத்தில் உண்டு. சிறுபான்மையாக வாழ்கிறவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பாரபட்சத்தை நிரூபிக்கவும் கணக்குத்தான் வேண்டும். வெறும் கோபம் போதாது.

கொல்கத்தாவின் இரசிகர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2024 ஓகஸ்ட் 18ஆம் திகதி, நான் முதலில் சொன்ன ஆட்டத்துக்கு நான்கு வாரம் முன்பு, மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் நடக்க இருந்த டியூரண்ட் கிண்ண ஆட்டம் இரத்துச் செய்யப்பட்டது. ஆர்.ஜி. கர் வைத்தியசாலையில் ஓர் இளம் பெண் வைத்தியர் வன்புணர்ந்து கொல்லப்பட்டதால் நகரமே கொந்தளித்திருந்த நேரம். ஆட்டம் இல்லாவிட்டாலும் இரசிகர்கள் சோல்ட் லேக் மைதானத்தின் வெளியே கூடினார்கள். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முஹம்மதன் என்று மூன்று கழகத்தின் கொடிகளும் ஒரே இடத்தில் நின்றன. ஒருவன் தோளில் மற்றவன். அந்த வைத்தியருக்கு நீதி கேட்டார்கள், பொலிஸின் தடியடியையும் வாங்கினார்கள். 1975இன் பழியையும் 1980இன் பிணங்களையும் கண்ட நகரத்தின் பிள்ளைகள் இவர்கள். 1980இல் இறந்த 16 பேரின் நினைவாக ஒவ்வோர் ஓகஸ்ட் 16இலும் அங்கே இரத்ததானம் செய்கிறார்கள். சிந்திய இரத்தத்துக்குக் கொடுக்கிற இரத்தத்தால் பதில்.

ஆகவே இரசிகனுக்குக் கோபப்படாதே என்று நான் உபதேசிக்க மாட்டேன். ஸஹாபாக்களுக்கே ஓர் ஒட்டகத்துக்காக மனம் பாரமானது. பருவகாலத்தின் முதல் ஆட்டத்தில் தோற்றுவிட்டு வருகிற இரவில் சோறு இறங்காதுதான். மறுநாள் காலையில் அந்தக் கோபம் எந்தக் கதவைத் தட்டப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1934இல் கிண்ணம் கொண்டுவந்தவர்கள் சேற்றைப் பார்த்துப் பூட்ஸ் வாங்கினார்கள். இன்றைக்கும் மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது.